உங்களுக்குத் தெரியுமா? – உடைவதற்கென்றே ஒரு குப்பி

'பார்த்து, உடைத்துவிடாதே' என்று சொல்லிச் சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். ஆனால், உடைந்தால்தான் பயன் என்று ஒரு பொருள் இருக்கிறது. பெயர் மைக்ரோ கேப்ஸ்யூல். தமிழில் நுண்குப்பி என்று வைத்துக்கொள்வோம். பாலிமரால் ஆன மெல்லிய ஓடு, உள்ளே ஒரு துளி திரவம். அவ்வளவுதான். இதைப் பிசினிலும் பெயின்டிலும் கான்கிரீட்டிலும் கலந்து, பொருள்களின் ஆயுளைக் கூட்டுகிறார்கள். எப்படி?

● பில் புத்தகம் போட்ட பிள்ளையார் சுழி

கடையில் பில் எழுதுகிறார்கள். மேல்தாளில் எழுதியது அடியிலுள்ள மஞ்சள் தாளிலும் விழுகிறது. நடுவில் கார்பன் தாள் இல்லை. நுண்குப்பிக்குக் கிடைத்த முதல் பெரிய வியாபாரம் இதுதான். அமெரிக்காவில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்துவந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் பாரெட் கிரீன், லோவெல் ஷ்லைக்கர் இருவரும் 1950களின் தொடக்கத்தில் உருவாக்கியது. மேல்தாளின் முதுகில் நிறமற்ற சாயம் அடைத்த குப்பிகள். பேனா அழுத்தியதும் அவை உடைகின்றன. அடித்தாளின் மேல் பூசிய களிமண்ணில் பட்டதும் சாயம் நீலமாகிறது. நிறுவனத்தின் சுருக்கப் பெயர் என்.சி.ஆர். ஆங்கிலத்தில் 'கார்பன் தேவையில்லை' என்பதற்கும் அதே மூன்று எழுத்துதான். விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்!

● ஒரு மில்லியில் 19 லட்சம்

பொருள்களுக்குள் கலக்கும் குப்பிகள் 10 மைக்ரானிலிருந்து 1,000 மைக்ரான் வரை பல அளவுகளில் இருக்கும். 1,000 மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டர், கடுகைவிடச் சிறியது. 10 மைக்ரான் என்றால் தலைமுடியின் கனத்தில் ஏழில் ஒரு பங்கு. ஒரு மில்லிலிட்டர் திரவத்தை 100 மைக்ரான் குப்பிகளில் அடைத்தால் ஏறத்தாழ 19 லட்சம் குப்பிகள் கிடைக்கும்.

● மத்தின் வேகம்

இவ்வளவு சிறிய குப்பியில் திரவத்தை யார் ஊற்றுவது? யாரும் ஊற்றுவதில்லை. திரவத்தைச் சுற்றித்தான் குப்பி வளர்கிறது. தண்ணீரில் எண்ணெயை விட்டு வேகமாகக் கலக்கினால் எண்ணெய் துளித்துளியாகச் சிதறும். தண்ணீரில் கரைந்திருக்கும் யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து பாலிமராகி, ஒவ்வொரு துளியின் மேலும் ஓடாகப் படியும். சுமார் 55 டிகிரி சூட்டில் நான்கு மணி நேர வேலை. கலக்கும் வேகம்தான் அளவை முடிவுசெய்கிறது. நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் பெரிய குப்பி, 2,000 சுற்று என்றால் பொடிக் குப்பி.

● ஓடா, மூச்சா?

அப்படிச் செய்த குப்பியின் ஓட்டுக் கனம் 160 முதல் 220 நானோமீட்டர். தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு! குப்பியின் எடையில் 83 முதல் 92 சதவீதம் உள்ளே இருக்கும் திரவம்தான். ஓட்டின் வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்காது, சொரசொரப்பாக இருக்கும். அது குறையில்லை. சுற்றியிருக்கும் பிசின் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள அந்தச் சொரசொரப்புதான் உதவுகிறது. கொத்தனார் பூசுவதற்கு முன் சுவரைக் கொத்திவிடுவதும் இதற்குத்தானே.

● 2001: விரிசல் தானே மூடிக்கொண்ட ஆண்டு

பிளாஸ்டிக் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளுமா? ஆற்றிக்கொள்ளும் என்று காட்டியவர்கள் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் வைட், நான்சி சோட்டோஸ், ஜெஃப்ரி மூர் குழுவினர். 2001 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. எபாக்சிப் பிசினுக்குள் டைசைக்ளோபென்டாடையீன் என்ற திரவம் அடைத்த குப்பிகளைக் கலந்தார்கள். பிசினிலேயே வினையூக்கித் தூளையும் தூவினார்கள். விரிசல் ஓடியது, குப்பிகள் உடைந்தன, திரவம் விரிசலை நிரப்பியது, வினையூக்கி பட்டு இறுகியது. முறிவைத் தாங்கும் திறனில் 75 சதவீதம் வரை திரும்பி வந்தது. அடுத்த ஆண்டே கலவையைச் சீர்செய்து 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். வெளியிலிருந்து சூடு காட்டவில்லை, யாரும் தொடக்கூட இல்லை.

● எவ்வளவு நேரம்?

அந்த எபாக்சியில் 25 நிமிடத்தில் திரவம் இறுகத் தொடங்கும். பத்து மணி நேரத்தில், ஆற வேண்டியது ஆறிவிடும். இரவு விட்ட விரிசல், காலையில் கைகோத்திருக்கும்.

● விரிசலுக்கு அழைப்பு

விரிசல் குப்பியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? இலினாய் குழு இதையும் கணக்குப் போட்டுப் பார்த்தது. குப்பி சுற்றியிருக்கும் பிசினைவிடக் கடினமாக இருந்தால் விரிசல் ஒதுங்கிப் போகும். மென்மையாக இருந்தால், குப்பியை நோக்கியே வரும். ஆகவே ஓட்டுக்கு வலு மட்டும் போதாது, தக்க இளக்கமும் வேண்டும். உடைந்த பிறகு திரவத்தைத் தள்ளிவிட ஆள் வேண்டியதில்லை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, குறுகலான விரிசலே திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

● உடையாமலே ஒரு லாபம்

வெற்றிடத்தை ஒத்த குப்பிகளைக் கலந்தால் பொருள் பலவீனமாகாதா? இழுத்துப் பார்த்தால் ஓரளவு குறையத்தான் செய்கிறது. ஆனால் விரிசலைத் தடுக்கும் திறன் ஏறுகிறது! 2004இல் வெளியான ஆய்வில், ஆற்றும் வேலை தொடங்குவதற்கு முன்பே, குப்பி கலந்த எபாக்சியின் முறிவு தாங்கும் திறன் 127 சதவீதம் வரை கூடியிருந்தது. வெறும் எபாக்சியில் விரிசல் வழுக்கிக்கொண்டு நேரே ஓடும். குப்பிகள் இருந்தால் அங்கங்கே மாட்டி, கிளை பிரிந்து, கரடுமுரடான பாதையில் போகவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடையும் விரிசலின் சக்தியைத் தின்கிறது.

கடினம் வேறு, முறியாமை வேறு. முறுக்கு கடினமானதுதான். ஒரு கீறல் விழுந்தால் என்ன ஆகிறது?

● நோபல் வாங்கிய தூள்

2001 சோதனையில் எபாக்சிக்குள் தூவிய வினையூக்கிக்கு கிரப்ஸ் வினையூக்கி என்று பெயர். கண்டுபிடித்த ராபர்ட் கிரப்ஸ் 2005இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதில் இருப்பது ருத்தேனியம் என்ற அரிய உலோகம், விலையும் அப்படித்தான். போதாக்குறைக்கு, எபாக்சியை இறுக வைக்கும் ரசாயனம் பட்டால் இந்த வினையூக்கி கெட்டுவிடும். அதற்கும் வழி கண்டார்கள். வினையூக்கியை மெழுகு உருண்டைக்குள் பொதிந்தார்கள். உள்ளே வரும் திரவம் மெழுகைக் கரைத்தால்தான் வினையூக்கி வெளியே வரும். குறைந்த அளவு தூளே போதுமென்றாகிவிட்டது.

● இரண்டு டியூப் பசையின் சூத்திரம்

வீட்டில் உடைந்ததை ஒட்ட இரண்டு டியூப் பசை வாங்குகிறோம். ஒன்று பிசின், மற்றது இறுக்கி. தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் சாது, கலந்தால் கல். விலையுயர்ந்த வினையூக்கி வேண்டாமென்று நினைத்தவர்கள் இந்த வழியைப் பிடித்தார்கள். ஒரு வகைக் குப்பியில் பிசின், இன்னொரு வகையில் இறுக்கி. விரிசல் இரண்டையும் உடைத்தால்தான் வேலை நடக்கும். அதனால் இரண்டும் அக்கம்பக்கத்தில் இருக்கும்படி சீராகக் கலந்திருக்க வேண்டும். இதில்தான் ஆய்வாளர்களின் பாதிப் பாடு.

● மெக்கானிக் பார்த்திருப்பார்

சில புது போல்ட்டுகளின் மரையில் நீலமோ சிவப்போ ஒரு பட்டை பூசியிருக்கும். அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள். காய்ந்த படலமாகத் தெரியும் அந்தப் பூச்சுகளில் பலவற்றில் பசை நிறைந்த நுண்குப்பிகள் இருக்கின்றன. போல்ட்டை முடுக்கும்போது மரைகளுக்கு நடுவே குப்பிகள் நசுங்கிப் பசை கசிந்து இறுகும். அதன்பின் வண்டி எவ்வளவு அதிர்ந்தாலும் போல்ட் தளராது. கழற்றினால் போயிற்று. உடைந்த குப்பி உடைந்ததுதான், மறுபடி புது போல்ட் போட வேண்டும்.

● உப்புத் தண்ணீரில் ஒரு பரீட்சை

இரும்பில் துரு ஆரம்பிப்பது பெயின்டில் விழும் ஒரு சின்னக் கீறலில்தான். இலினாய் ஆய்வாளர்கள் 2009இல் ஒரு சோதனை செய்தார்கள். எஃகுத் தகடுகளில் பூச்சடித்து, கீறிவிட்டு, 5 சதவீத உப்புக் கரைசலில் போட்டார்கள். சாதாரணப் பூச்சுள்ள தகடு 24 மணி நேரத்துக்குள் துருப்பிடித்தது. சிலிக்கோன் வகைத் திரவத்தைக் குப்பிகளில் அடைத்துக் கலந்த பூச்சில், 120 மணி நேரம் கழித்தும் கண்ணுக்குத் துரு தெரியவில்லை. கீறலில் கசிந்த திரவம் இறுகி மூடிவிட்டிருந்தது.

● கிரிக்கெட் மட்டைக்குத் தடவுவது

புது மட்டைக்கு லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், தடவிக் காயவைப்பது வழக்கம். இந்த எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தானாகவே இறுகிப் படலமாகும். பெயின்ட் ஆய்வாளர்களுக்கு இது வரம். எண்ணெயை மட்டும் குப்பியில் அடைத்தால் போதும், வினையூக்கியும் வேண்டாம், இறுக்கியும் வேண்டாம். கீறல் விழுந்ததும் எண்ணெய் வெளியே வரும். மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

● கான்கிரீட்டுக்குச் சொந்தமாகவே ஒரு வைத்தியம்

நூலிழை விரிசல்களைக் கான்கிரீட் தானே அடைத்துக்கொள்ளும். உள்ளே வேலை செய்யாமல் மிச்சமிருக்கும் சிமென்ட், கசியும் நீரில் நனைந்து இறுகுவதால் இது நடக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. 0.1, 0.2 மில்லிமீட்டரைத் தாண்டினால் கான்கிரீட் கைவிரித்துவிடும். நம் நாட்டுக் கட்டுமான விதிநூலான ஐ.எஸ். 456, பொதுவாக 0.3 மில்லிமீட்டர் வரையிலான விரிசலை அனுமதிக்கிறது, கடுமையான சூழலில் 0.1 மில்லிமீட்டரை மட்டுமே. அதற்கு மேல் போனால் நீரும் உப்பும் உள்ளே புகுந்து கம்பியைத் தின்னத் தொடங்கும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கான்கிரீட் வெடிக்கும். குப்பிகள் நுழையப் பார்ப்பது இந்த இடைவெளியில்தான்.

● அப்பளத் தத்துவம்

கான்கிரீட்டில் குப்பி போடுவதில் பெரிய சிக்கல், கலவை இயந்திரம். ஜல்லியும் மணலும் உருளும் இடத்தில் மெல்லிய ஓடு என்ன ஆகும்? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆபிர் அல்-தப்பா குழு ஜெலட்டினும் வேலமரப் பிசினும் சேர்ந்த ஓட்டை எடுத்தது. பில் புத்தகத்துக்கு எடுத்த அதே ஜோடி! ஈரத்தில் இந்த ஓடு ரப்பர்போல் வளையும், அதனால் கலவையில் பிழைத்துக்கொள்ளும். கான்கிரீட் காய்ந்ததும் ஓடும் காய்ந்து மொறுமொறுப்பாகிவிடும், விரிசல் வந்தால் சட்டென்று உடையும். ஈர அப்பளத்தையும் காய்ந்த அப்பளத்தையும் கையாண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

● உள்ளே என்ன?

கான்கிரீட் குப்பிகளில் அதிகம் முயன்று பார்க்கப்பட்ட சரக்கு சோடியம் சிலிகேட். விரிசலில் அது கசிந்ததும், கான்கிரீட்டில் ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் உண்டாகிறது. சிமென்ட்டுக்கு இறுக்கம் தருவதே இந்தப் பொருள்தான். ஆக, ஒட்டுப்போட்டது அந்நியச் சரக்கு இல்லை, சிமென்ட்டின் சொந்த இனம்.

● சாலையோரச் சுவரில் சோதனை

ஆய்வகக் குடுவையைவிட்டு வெளியே வந்தார்களா? வந்தார்கள். 2015இல் வேல்ஸ் நாட்டில் ஏ465 நெடுஞ்சாலை விரிவாக்கப் பணியிடத்தில் சோதனைச் சுவர்கள் எழுப்பினார்கள். கார்டிஃப், கேம்பிரிட்ஜ், பாத் பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சி. ஒரு சுவரில் நுண்குப்பி. மற்றவற்றில் பாக்டீரியா, சூடேற்றினால் சுருங்கி விரிசலை இழுத்து மூடும் பிளாஸ்டிக் நாண், மருந்து செலுத்தும் குழாய் வலை என்று பல வைத்தியங்கள். சுவர்களை வேண்டுமென்றே விரிசல்விட வைத்து, என்ன நடக்கிறது என்று கண்காணித்தார்கள்.

● குப்பிக்குள் குடியிருக்கும் கொத்தனார்

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரவத்துக்குப் பதிலாக பாக்டீரியா வித்துகளைக் குப்பியில் அடைத்தார்கள். வித்து என்பது பாக்டீரியாவின் உறக்க நிலை. குப்பி உடைந்து ஈரம் பட்டதும் அவை விழித்துச் சுண்ணக்கல்லை உண்டாக்கும். 2014இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, பாக்டீரியா இல்லாத மாதிரிகளில் அதிகபட்சம் 0.25 மில்லிமீட்டர் விரிசல்தான் மூடியது. பாக்டீரியா உள்ளவற்றில் 0.97 மில்லிமீட்டர் வரை மூடியது. கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

● ரோமாபுரியின் சுண்ணாம்புக் கட்டி

பழைய ரோமானியக் கான்கிரீட்டில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும். சரியாகக் கலக்காத வேலை என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 2023இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வேறு கதை சொன்னார்கள். விரிசல் இந்தக் கட்டிகள் வழியாக ஓடும்போது, நீரில் கரைந்த சுண்ணாம்பு விரிசலை அடைக்கிறது. அதே பாணியில் கான்கிரீட் செய்து, உடைத்து, தண்ணீர் ஓடவிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஒழுக்கு நின்றது. ஓடு இல்லாத குப்பி!

● தார் சாலைக்கு எண்ணெய்க் குளியல்

தார் சாலை ஏன் வெடிக்கிறது? லாரி ஒரு காரணம், காற்று இன்னொன்று. ஆக்சிஜன் பட்டுப் பட்டுத் தார் கிழடுதட்டி இறுகி, நெகிழ்வை இழக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சூரியகாந்தி எண்ணெயை அல்ஜினேட் குப்பிகளில் அடைத்துத் தார்க்கலவையில் சேர்த்துப் பார்த்தார்கள். வண்டிகளின் பாரத்தில் குப்பி பிதுங்கி எண்ணெய் கசிய, தார் மறுபடி இளகி விரிசலை மூடுகிறது. அல்ஜினேட் என்பது பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பாலிமர். மன்னார் வளைகுடாவில் நம் மீனவப் பெண்கள் முக்குளித்து எடுத்துவந்த பாசிகளில் அல்ஜினேட் தருபவையும் உண்டு.

● பொரியின் தம்பி

எல்லாக் குப்பியும் உடைவதற்கில்லை, சிலது பொரியும். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் எளிதில் ஆவியாகும் ஹைட்ரோகார்பனை அடைத்துச் சூடேற்றினால், ஓடு இளகும், உள்ளே ஆவி தள்ளும், குப்பி நாற்பது மடங்குக்கும் மேல் பருக்கும். சோளம் பொரிவதும் இதே கதைதான். செருப்பு அடிப்பாகத்தை இலேசாக்க இது பயன்படுகிறது. காரின் அடிவயிற்றில் கல் தெறித்துப் பெயின்ட் போகாமல் காக்கும் பூச்சிலும் சேர்க்கிறார்கள்.

● உடைந்தால் மோசம்: ஒன்று

மெழுகு உருகும்போது வெப்பத்தை விழுங்கும், உறையும்போது திருப்பித் தரும். ஒரு கிலோ மெழுகு உருக விழுங்குவது ஏறத்தாழ 200 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 48 டிகிரி சூடாக்க அது போதும். இப்படிப்பட்ட மெழுகைக் குப்பிகளில் அடைத்துச் சுவர்ப் பலகையிலும் துணியிலும் சேர்க்கிறார்கள். துணிக்கான யோசனை, 1980களில் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவுக்காக நடந்த ஆய்விலிருந்து வந்தது. இங்கே ஓடு உடையவே கூடாது. ஆயிரக்கணக்கான முறை உருகி உறைந்தாலும் மெழுகு ஒழுகாமல் காக்க வேண்டும்.

● உடைந்தால் மோசம்: இரண்டு

கிண்டில் போன்ற மின்புத்தகக் கருவியின் திரையில் எழுத்தாகத் தெரிவதும் நுண்குப்பிகள்தான். ஒவ்வொன்றிலும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. மின்சாரம் எதை மேலே இழுக்கிறதோ அது தெரிகிறது. 1970களிலேயே இப்படித் திரை செய்ய முயன்றார்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, ஒரு பக்கம் ஒதுங்கி, திரை சீக்கிரம் செத்துவிட்டது. 1990களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி.யில் ஜோசப் ஜேக்கப்சன் குழு துகள்களைக் குப்பி குப்பியாகப் பிரித்து அடைத்தது. அறைக்கு அறை சுவர் வந்ததும் கும்பல் கூட வழியில்லை. திரைக்கு ஆயுள் வந்தது.

● மின்னலை முந்தாவிட்டாலும்...

மின்சுற்றில் கம்பி அறுந்தால்? 2012இல் இலினாய் குழு 10 மைக்ரான் அளவுக் குப்பிகளில் காலியம்–இண்டியம் என்ற திரவ உலோகத்தை அடைத்துத் தங்கக் கம்பித் தடத்தின் மேல் பரப்பியது. தடம் அறுந்ததும் உலோகம் வழிந்து இடைவெளியை இணைத்தது. மின்கடத்தல் 99 சதவீதம் திரும்பியது. எடுத்துக்கொண்ட நேரம் 160 மைக்ரோ வினாடி. கண்சிமிட்டும் நேரத்துக்குள் இந்த வேலையை நூறு முறைக்கு மேல் செய்து முடிக்கலாம்.

● காயத்தைக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு

சில சேதங்களை ஆற்றுவதைவிட முதலில் கண்டுபிடிப்பதே பெரிய பாடு. 2016இல் அதே குழு, எபாக்சிப் பூச்சில் ஒரு சாயத்தைக் குப்பிகளில் அடைத்துக் கலந்தது. குப்பிக்குள் வெளிர்மஞ்சளாக இருக்கும் சாயம், வெளியே வந்து எபாக்சியைத் தொட்டால் சிவப்பாகும். 10 மைக்ரான் விரிசல்கூடச் சிவப்புக் கோடாகத் தெரிந்தது. பில் புத்தகத்தின் பேரன் என்று சொல்லலாம்.

● பல்லுக்கும் உண்டு

பல் குழியை அடைக்கும் பிசினும் மென்று மென்று விரிசல் விடும். மேரிலாண்ட் பல்கலைக்கழகப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் அதிலும் குப்பி கலந்து சோதித்திருக்கிறார்கள். வாய்க்குள் வைப்பது என்பதால் உள்ளே அடைக்கும் திரவமும் உடலுக்கு ஒத்துப்போக வேண்டும். நிபந்தனைகள் கூடுதல்.

● ரப்பர் மரம் முந்திக்கொண்டது

கன்னியாகுமரி மாவட்டத்தில் விடியலில் ரப்பர் பால் வெட்டுபவர்களைக் கேளுங்கள். வெட்டிய இடத்தில் பால் சில மணி நேரம் வடியும், பிறகு தானே நின்றுவிடும். பாலுக்குள் லுட்டாய்டு என்ற நுண்ணிய பைகள் மிதக்கின்றன. பட்டை வெட்டுப்பட்டு அழுத்தம் குறைந்ததும் அவை வெடித்து ஹெவீன் என்ற புரதத்தைக் கொட்டும். அது ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துக் காயத்தை அடைக்கும். நுண்குப்பிச் சூத்திரம் மரத்திடம் எப்போதோ இருந்திருக்கிறது!

● ஒரு குப்பி, ஒரே ஒரு வாய்ப்பு

குப்பியின் பெரிய குறை இதுதான். அதே இடத்தில் இரண்டாம் முறை விரிசல் விட்டால் அங்கே காலி ஓடுதான் இருக்கும். அதற்காக இலினாய் குழுவே 2007இல் ரத்தக்குழாய் போன்ற நுண்குழாய் வலையைப் பொருளுக்குள் அமைத்து, ஏழு முறை வரை ஆற்றிக்காட்டியது. ஆனால் குழாய் வலை அமைப்பது சிரமம். குப்பியோ உப்பு, புளிபோலக் கலவையில் அள்ளிப் போடக்கூடியது. அதனால்தான் இன்றும் மவுசு.

● விரைவுக்கு விரைவு

தொடர்ந்து அதிரும் பொருளில் விரிசல் மெல்ல மெல்ல வளரும். திரவம் இறுகும் வேகம் விரிசல் வளரும் வேகத்தை முந்தினால் பொருள் பிழைக்கும். பிந்தினால் குப்பி உடைந்தும் பயனில்லை. இடையிடையே ஓய்வு கொடுத்தால் பலன் கூடுகிறது என்று சோதனைகள் காட்டின. ஆறவிட்டால்தான் ஆறும், நமக்கும் எபாக்சிக்கும்.

● 180 டிகிரி சோதனை

விமானப் பாகங்களுக்கான பிசினைச் சாதாரணமாக 180 டிகிரி வரை சூடேற்றி இறுக வைப்பார்கள். உள்ளே இருக்கும் திரவம் அந்தச் சூட்டில் கொதித்தால் குப்பி அடுப்பிலேயே முடிந்துவிடும். விமானத்துக்குள் குப்பி ஏறத் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

● பிளாஸ்டிக் பஞ்சாயத்து

நுண்குப்பி என்பது ஒருவகையில் மைக்ரோ பிளாஸ்டிக்தானே? ஆம். வேண்டுமென்றே சேர்க்கப்படும் மைக்ரோ பிளாஸ்டிக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. துணி அலசும் திரவங்களில் வாசனைக்காகப் போடும் குப்பிகளும் அதில் சிக்கின. அவற்றுக்கு 2029 வரை அவகாசம். கெட்டிப்பட்ட பொருளுக்குள் நிரந்தரமாகச் சிறைப்பட்டுவிடும் துகள்களுக்கு விலக்கு உண்டு. கரையும் ஓடு, மக்கும் ஓடு என்று தேடல் தொடங்கியிருக்கிறது. ஜெலட்டினும் வேலமரப் பிசினும் மீண்டும் பேசப்படுகின்றன.

● நீங்களே உடைத்துப் பாருங்கள்

வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று அடுக்கிய பில் புத்தகம் கிடைத்தால், மேல்தாளை நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கடையில் இயந்திரம் துப்பும் வழவழ ரசீதில் செய்யாதீர்கள், அது சூட்டில் கறுக்கும் வேறு ஜாதி. பில் புத்தகத்தின் மேல்தாளில் எதுவும் தெரியாது. புரட்டி அடித்தாளைப் பாருங்கள்: ஒரு நீலக் கோடு ஓடியிருக்கும். உங்கள் நகத்தடியில் உடைந்த குப்பிகளின் கையெழுத்து அது.